திருமலையில் (திருகோணமலையில்) போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றுகூட ஏன் இல்லை?

கடற்கரைப்பிள்ளை:
போன கிழமை மகளை மரியன்னை பேராலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அம்மம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. அந்த நீல முகப்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது போர்த்துக்கேயர் கட்டினதா?" என்று கேட்டாள். யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால் 1852 என்று இருக்கிறது, அதாவது ஆங்கிலேயர் காலம். அப்படியென்றால் போர்த்துக்கேயர் இங்கே எதையுமே கட்டவில்லையா? யாழ்ப்பாணத்துச் சங்கானையில் ஒரு இடிந்த சுவராவது நிற்கிறது, மன்னார் கோட்டைக்குள்ளும் இருக்கிறது, நம்மூரில் மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளைக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கோட்டையடியான்:
தங்கச்சி, முதலில் காலத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயர் இங்கே நிலையாக இருந்தது பதினைந்து வருடம் அளவில்தான். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு த சா இங்கிருந்த சிவன் கோயிலான கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினான், 1639இல் ஒல்லாந்தர் வந்து பிடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் போல ஊர் ஊராகக் கோயில் எழுப்ப இங்கே நேரமும் இல்லை, நோக்கமும் இல்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது துறைமுகத்துக்குக் காவல். இன்றைக்கும் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லைப் பார்க்கலாம், அது நம் கோணேசர் கோயில் கல். கிறிஸ்தவ வரலாறு பேசும்போது இதை மறைக்கக்கூடாது என்பது என் கருத்து, நானும் வேதக்காரன்தான்.

பிறகு ஒல்லாந்தர். அவர்கள் புரொட்டஸ்தாந்துகள், கத்தோலிக்க வழிபாட்டையே தடை செய்தார்கள். கத்தோலிக்கக் குருமார் ஒளித்துத் திரிய வேண்டிய காலம், பிடிபட்டால் சிறை. கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தது அதனால்தான். வீட்டுக்குள்ளே இரகசியமாக ஜெபம் சொன்ன சனம் கல்லால் எதைக் கட்டும்? அதற்குள் துறைமுகமும் கை மாறிக்கொண்டே இருந்தது, 1782இல் ஒரே வருடத்தில் ஆங்கிலேயரும் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரரும் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து நிலைத்து, 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு 1852 என்பது அவ்வளவு தாமதம் இல்லை.

பாலையூற்று வாசி:
அம்மம்மாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். திருமலை தனி மறைமாவட்டம் ஆனது 1893 ஓகஸ்ட் 25இல்தான், அதுவரை யாழ்ப்பாணத்தோடு இருந்தது. பிறகு பிரெஞ்சு இயேசு சபையினரிடம் கொடுத்தார்கள். முதல் ஆயர் சார்ள்ஸ் லவீஞ் ஆண்டகை இங்கே வருவதற்கு முன் கேரளத்தில் கோட்டயத்தில் இருந்தவர். 1940களின் கடைசியில் அமெரிக்க இயேசு சபைச் சாமிமார் வந்தார்கள், அவர்களிடம் படித்த ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மட்டக்களப்பு பிரிந்தது 2012இல். ஆகவே எந்த வருடம் என்று தெரிந்தால் எந்தக் காலத்துப் புத்தகத்தைக் கேட்பது என்று பிடிபடும். பங்குச் சாமியிடம் நேரே போய்க் கேளுங்கள், ஞானப்பெற்றோர் பெயர் தெரிந்தால் அதையும் கொண்டு போங்கள்.

உப்புவெளித் தம்பி:
கட்டடத்தை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா, கல்லறைகளையும் மகளுக்குக் காட்டுங்கள். டொக்யாட் வீதியில் இருக்கிற பழைய புனித ஸ்தேவான் சேமக்காலையைச் சொல்கிறேன், நிலாவெளி ரோட்டில் உள்ள உலகப்போர் கல்லறை வேறு. பேராலயம் எழுந்த அதே 1852இல் பர்மாவில் கொலராவால் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரினை அங்கேதான் அடக்கம் செய்தார்கள், பெயர்போன ஆங்கில நாவலாசிரியை ஒருவரின் தம்பி அவர். மோல்ஸ்வேத் என்ற இராணுவப் பொறியியலாளரும் அங்கே கிடக்கிறார், 1908 நத்தார் அன்று இறந்தவர். இங்கே இருந்துகொண்டே தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்துப் பார்த்து வரைந்த மனுஷன், செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளை என்றால் இந்தக் கதையை மறக்காது. கெதியாகப் போங்கள், கல்லில் எழுத்துத் தேய்ந்துகொண்டு போகிறது.

கடற்கரைப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. கோட்டையடியான் அண்ணா, கயல் கல்லைப் பற்றிச் சொன்னது மனதில் நிற்கிறது, எத்தனை தரம் அந்த வாசலால் போயிருப்பேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஞாயிறு பூசை முடிய மகளோடு முதலில் கோட்டை வாசல், அப்புறம் சேமக்காலை. அம்மம்மா பிறந்தது 1921, அந்தப் புத்தகத்தைச் சாமியிடம் கேட்கிறேன்.