புதுப்பிப்பு: அம்மாவின் தைரொக்சின் அளவும் குறையாத களைப்பும்

தைரொயிட் சுரப்புக் குறைவுக்கான தைரொக்சின் குளிசை 75 மைக்ரோகிராம் எடுத்தும் அம்மாவுக்குக் களைப்பும் மலச்சிக்கலும் குறையவில்லை, டிஎஸ்எச் (தைரொயிட் சுரப்பு போதாதபோது குருதியில் உயரும் ஓமோன்) 7.8 காட்டுகிறது, அளவைக் கூட்டலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். திருகோணமலையில் வைத்தியரிடம் காட்டிய பின் இதை எழுதுகிறேன்.

அளவைத் தொடுவதற்கு முன், அம்மா எடுக்கும் குளிசைகள் அனைத்தையும் மேசையில் வைக்கச் சொன்னார். கோணேசர் கோவிலுக்குப் புறப்படும் அவசரத்தில் தைரொக்சினோடு கல்சியத்தையும் விழுங்கி, கையோடு பால்தேநீரும் குடிப்பது அம்மாவின் வழக்கம் என்பது அப்போதுதான் வெளிவந்தது. கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் அவற்றுக்கு 4 மணிநேர இடைவெளி வேண்டும். தேநீரும் காலையுணவும் குறைந்தது அரை மணிநேரம் கழித்தே. அளவு மாறவில்லை. இம்மருந்தின் அரை ஆயுட்காலம் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) ஏறக்குறைய 7 நாட்கள் என்பதால், எந்த மாற்றத்துக்குப் பின்னும் 6 முதல் 8 வாரங்கள் பொறுத்தே மீண்டும் சோதிக்க வேண்டும். முந்திச் சோதிப்பது காசுக்குத்தான் கேடு.

இப்போது டிஎஸ்எச் 2.9. மலச்சிக்கல் தீர்ந்தது, களைப்பு பாதிதான் குறைந்தது. அரைக் குளிசை கூட்டிக் கொடுக்கும்படி அன்போடு எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மிகையான தைரொக்சின், குறிப்பாக வயதானவர்களில், இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும், எலும்பையும் நலிவடையச் செய்யும். எஞ்சிய களைப்புக்காகச் செய்த குருதிப் பரிசோதனையில் பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) குறைவாக இருந்தது. ஆகவே கல்சியம் மதியச் சாப்பாட்டோடும், இரும்புக் குளிசை இரவிலும் என்று பிரித்துக் கொடுக்கிறோம்.