பாரிஸ் வீடும் உப்புவெளிக் காணியும்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வெளிநாட்டுச் சொத்து வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணி யாரும் திருகோணமலையில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், கொஞ்சம் அவசரம்.

பாரிஸில் இருந்த என் மாமா போன வருடம் காலமானார். அங்கே ஒரு வீடு, இங்கே உப்புவெளியில் காணி, இரண்டையும் தன் தம்பியின் மகனுக்கு மரணசாசனம் எழுதிவிட்டார். பெற்ற பிள்ளைகள் மச்சானும் மச்சாளும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. என்ன கோபமோ, செத்தவரிடம் கேட்கவா முடியும்.

இலங்கைச் சட்டத்தில் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு கிடையாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், இல்லையென்றால் ஐந்து சாட்சி இருந்தால் சாசனம் செல்லும். ஆனால் பிரான்சில் பெற்ற பிள்ளையை அப்படி ஒதுக்க முடியாது, இரண்டு பிள்ளை என்றால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவர்களுக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது, பொதுவாக இறந்து 5 வருடத்துக்குள் கேட்க வேண்டும். அதனால் பாரிஸ் வீட்டில்தான் எங்கள் நம்பிக்கை.

சிக்கல் பெயரில். மச்சாளின் பிறப்புச் சான்றிதழில் மாமாவின் பெயர் ஒரு மாதிரி, பிரெஞ்சுக் கடதாசிகளில் அவருடைய அப்பாவின் பெயர் முன்னுக்கு வந்து எழுத்தும் மாறிக் கிடக்கிறது. இதற்குச் சத்தியக் கடதாசி போதுமா? அட்டோர்னி தத்துவம் (நமக்காக வேறொருவர் நடக்க எழுதிக் கொடுக்கிற அதிகாரம்) கொடுத்து இங்கிருந்தே வழக்கை நடத்தலாமா? அப்புறம் உப்புவெளிக் காணி: நோயில் கிடந்தபோது எழுதிய சாசனம் என்று எதிர்த்து யாராவது வென்றிருக்கிறீர்களா, இல்லை அதை விட்டுவிடுவதுதான் புத்தியா?