மருமகள் சைவம், வீட்டில் கிறிஸ்துமஸ்: நடுவில் வைக்க ஒரு கறி சொல்லுங்கள்

குழித்துறை அம்மை | டிசம்பர் 8

எல்லாருக்கும் வணக்கம். மூத்த மகனுக்கு இந்த மே மாதம் கல்யாணம் ஆனது. மருமகள் சுசீந்திரம் பக்கம். பிறந்ததிலிருந்தே சைவம், முட்டையும் தொடமாட்டாள். இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. எங்கள் வீட்டில் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். 24 நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்ததும் ஆப்பமும் கோழிக்கறியும். மறுநாள் மத்தியானம் சோறு, வறுத்தரைத்த மாட்டுக்கறி, மீன் பொரித்தது. மொத்தம் 13 பேர். சைவம் என்று மேசைக்கு வருவது முட்டைக்கோஸ் துவரன், பருப்பு, தயிர், பப்படம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 32 வருஷமாக இதுதான் வரிசை.

பல வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவரும் அவர் மனைவியும் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வந்தார்கள். அந்தம்மா சைவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பருப்பு இருக்கிறதே, போதும் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் தயிர்ச்சோற்றில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருந்தது மைனி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது.

அதனால் கேட்கிறேன். தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டாம். மேசை நடுவில் வைக்கிற மாதிரி, எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கறி வேண்டும். அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் அவள் விருந்தாளி ஆகிவிடுவாள். ராத்திரி ஆப்பத்துக்கு ஒன்று, மத்தியானச் சோற்றுக்கு ஒன்று. பனீர் வேண்டாம், கல்யாண வரவேற்பில் வைத்திருந்தோம், அதை அவள் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்ததைப் பார்த்தேன்.

மணவாளக்குறிச்சி கடல் | டிசம்பர் 8

மீல்மேக்கரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து, கோழிக்கறிக்குப் போடுகிற அதே மசாலாவில் வறுத்துவிடுங்கள் அக்கா. அரைமணி நேர வேலை. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பூதப்பாண்டி உருளி | டிசம்பர் 9

தங்கச்சி, எனக்கு வயது 67. சுசீந்திரம் என்றால் அது நாஞ்சில் நாட்டுப் பிள்ளை. அவளுக்குப் பழகிய ருசி உங்கள் கைக்கும் பழகியதுதான். மாட்டுக்கறிக்கு நீங்கள் வறுத்தரைக்கிற தேங்காயைத்தான் நாங்கள் தீயலுக்கு வறுத்தரைக்கிறோம். பட்டையும் சோம்பும் கிடையாது, புளி உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே மத்தியானச் சோற்றுக்கு உள்ளித் தீயல், அதாவது சின்ன வெங்காயத் தீயல் வையுங்கள். நடுவில் வைக்க அதைவிட நல்ல கறி எனக்குத் தெரிந்து இல்லை.

13 பேருக்கு அளவு சொல்கிறேன். சின்ன உள்ளி முக்கால் கிலோ, முழுசாக உரித்தது. வெட்டக் கூடாது, பெரிசாக இருந்தால் மட்டும் இரண்டாகக் கீறலாம். நடுத்தரத் தேங்காய் 2. கொத்தமல்லி 4 மேசைக்கரண்டி, வத்தல்மிளகு (காய்ந்த மிளகாய்) 12, நல்லமிளகு (குருமிளகு) ஒரு சின்னக் கரண்டி, வெந்தயம் கால் சின்னக் கரண்டி, கறிவேப்பிலை ஒரு பிடி. புளி ஒரு பெரிய எலுமிச்சை அளவு.

தேங்காயைத் திருவும்போது கண்ணுப்பக்கம் கறுப்பு விழாமல் திருவுங்கள். உருளியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, சிறு தீயில் தேங்காயைப் போட்டு, கை விடாமல் கிண்டவேண்டும். இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். முதலில் ஈரம் போகும், அப்புறம் பொன்னிறம் வரும். பலர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். அது எரிசேரிக்குப் பதம், தீயலுக்கு இல்லை. காப்பிக்கொட்டை நிறம் வரவேண்டும். அந்த நிறம் வரப்போகும்போது மல்லி, வத்தல், நல்லமிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிஷம் கிண்டி, உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். உருளியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும், பிறகு எத்தனை புளி விட்டாலும் கசப்பு போகாது.

ஆறியதும் முதலில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். தேங்காய் எண்ணெய் கக்கி, விழுது பளபளவென்று வரும். அப்புறம்தான் தண்ணீர் தெளித்து வெண்ணெய் மாதிரி அரைக்கவேண்டும். உள்ளியை எண்ணெயில் கண்ணாடி மாதிரி வதக்கி, புளித்தண்ணீரும் உப்பும் மஞ்சளும் விட்டு, பச்சைவாடை போனதும் அரைப்பைக் கரைத்து ஊற்றுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கிறவரை சிறு தீயில் கொதிக்கட்டும். கடுகு, வத்தல் தாளித்தால் முடிந்தது.

இன்னொன்று. தீயல் மறுநாள்தான் ருசி. 24ஆம் தேதி காலையிலேயே, இறைச்சி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் செய்து, ஒருதடவை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் மூடி எடுத்து வையுங்கள். கரண்டி மாறுமோ கை மாறுமோ என்ற கவலையே இல்லை. மறுநாள் சூடு பண்ணினால் போதும்.

கூடவே கெட்டியாக ஒன்று வேண்டுமென்றால் கூட்டுக்கறி. கறுப்புக் கொண்டைக்கடலை 300 கிராம் முந்தின ராத்திரியே ஊறவேண்டும். சேனை அரைக்கிலோ, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) 2. சேனை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நறுக்கியதைப் புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, வடித்துவிட்டு வேகவையுங்கள். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும், குழைந்தாலும் பாதகமில்லை. அரைமூடித் தேங்காயைச் சீரகம் நல்லமிளகோடு அரைத்துச் சேர்த்து, இன்னொரு அரைமூடியைப் பொன்னிறமாக வறுத்து மேலே கொட்டிக் கிளறவேண்டும். ஓணத்துக்கு எங்கள் வீட்டில் இது இல்லாமல் இலை போடமாட்டோம்.

நோன்பு வீடு மார்த்தாண்டம் | டிசம்பர் 9

நாங்கள் மலங்கரை சபை. டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு. கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டில் இறைச்சியும் மீனும் கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் வீட்டில் சைவம் எப்படி என்று யாராவது கேட்டால், வருஷத்தில் 24 நாள் அதுதானே நம் சாப்பாடு என்று எனக்குத் தோன்றும்.

ஆப்பத்துக்கு நான் இஷ்டு சொல்வேன், தேங்காய்ப்பாலில் வைக்கிற காய்கறி ஸ்டூ. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, இஞ்சி, பச்சை மிளகாய். இரண்டாம் பாலில் காய் வேகட்டும். பட்டை, ஏலக்காய், கிராம்பு முழுசாகப் போடுங்கள். கிராம்பு மட்டும் நம் மலைக் கிராம்பாகக் கேட்டு வாங்குங்கள். 2021இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். 13 பேருக்கு ஆறேழு போதும், கூடினால் நாக்கு மரத்துவிடும். இறக்கும்போது தலைப்பால் விட்டு, கொதிக்க விடாமல் சூடு ஏறினதும் இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும். ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிடுகிறபோது வயிற்றுக்கும் இதமாக இருக்கும்.

குலசேகரம் ரப்பர் | டிசம்பர் 10

இடிச்சக்கை, அதாவது பிஞ்சுப் பலாக்காய், யாரும் சொல்லவில்லையே. தை, மாசிதான் அதற்குக் காலம் என்றாலும், முந்திக் காய்க்கிற மரத்தில் டிசம்பரிலேயே பிஞ்சு இருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு மரம் அப்படி. முள்தோலைச் சீவி, துண்டுபோட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அம்மியில் லேசாக இடித்தால் நார்நாராகப் பிரியும். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவ மறக்கக் கூடாது, சக்கைப்பால் ஒட்டினால் லேசில் போகாது. வறுத்தரைத்த தேங்காயில் பிரட்டி எடுத்தால் அசல் இறைச்சி மாதிரியே இருக்கும். சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

தக்கலை மருமகள் | டிசம்பர் 10

அம்மா, நான் உங்கள் மருமகள் இடத்தில் இருப்பவள். கல்யாணமாகி 9 வருஷம். நானும் சைவம், கணவர் வீட்டில் எல்லாரும் இறைச்சி சாப்பிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

குலசேகரம் அண்ணன் சொன்ன இடிச்சக்கை எனக்கு உயிர். ஆனால் பரிமாறும்போது "இறைச்சி மாதிரியே இருக்கு, சாப்பிட்டுப் பாரு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சின்ன வயதிலிருந்து சாப்பிடாதவர்களுக்கு அந்த வார்த்தை கேட்டாலே தொண்டையில் இறங்காது. மீல்மேக்கரைக் கோழி மசாலாவில் வறுப்பதும் அப்படித்தான். மசாலா பாக்கெட்டில் இருப்பது வெறும் மல்லி, மிளகு, பட்டைதான், எனக்கும் தெரியும். ஆனால் வாசம் வந்ததும் மனது பின்வாங்கும். சக்கையைச் சக்கை என்றே சொல்லி வையுங்கள். நல்ல ருசி அதற்கே உண்டு.

என் முதல் கிறிஸ்துமஸுக்கு என் மாமியார் தனி அடுப்பில் எல்லாம் செய்தார்கள். ஆனால் பப்படத்தை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தோன்றவே இல்லை, பாவம். எனக்குச் சொல்லவும் கூச்சம். பப்படத்தை எடுக்கவில்லை. அவர்கள் அதைக் கவனித்து, இரண்டு நாள் கழித்துக் காரணம் கேட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் பப்படமும் முந்திரிக்கொத்தும் முதலில், மீன் கடைசியில். கேக்கையும் பாருங்கள், முட்டை போடாதது ஒரு சின்னதாவது வேண்டும். மத்தபடி வட்டயப்பம், முந்திரிக்கொத்து எல்லாம் நமக்கு ஆகும். அச்சுமுறுக்கில் முட்டை சேர்க்கிற வீடு உண்டு, நீங்கள் எப்படிச் செய்வீர்களோ.

முடிந்தால் 23, 24 தேதிகளில் அவளிடமே ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். தேங்காய் திருவச் சொன்னாலும் போதும். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

குழித்துறை அம்மை | டிசம்பர் 11

பப்படத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை மகளே. அச்சுமுறுக்குக்கு நான் முட்டை போடுவேன், இந்த வருஷம் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் மட்டும். இன்றைக்கே ஒரு ஈடு சுட்டுப் பார்த்தேன், கொஞ்சம் மொறுமொறுப்பு கூடுதல், நன்றாகவே வந்தது.

முடிவு பண்ணிவிட்டேன். ராத்திரிக்கு இஷ்டு, மத்தியானத்துக்கு உள்ளித் தீயலும் கூட்டுக்கறியும். உருளி என்னிடம் இரண்டு இருக்கிறது. சின்னது என் அம்மை சீதனமாகக் கொடுத்தது, இறைச்சி வைத்ததே இல்லை, பாயசத்துக்கு மட்டும் எடுப்பேன். அதில் தீயல் வைக்கிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். காப்பிக்கொட்டை நிறம் என்கிறீர்கள். மாட்டுக்கறிக்கு நான் அவ்வளவு கறுக்க வறுக்கமாட்டேன். கை நடுங்குகிறது.

பூதப்பாண்டி உருளி | டிசம்பர் 11

நிறத்தை விட வாசத்தைப் பாருங்கள். பொன்னிறத்தில் பலகாரக் கடை வாசம் வரும். அதைத் தாண்டினால் ஒரு நிமிஷம் வாசமே மட்டுப்படும், அப்புறம் வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம் எழும்பும். அப்போது மல்லியைப் போடுங்கள். கண்ணில் புகை கரித்தால் தாண்டிப்போய்விட்டது என்று அர்த்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை அரைமூடித் தேங்காயில் ஒருதடவை வைத்துப் பாருங்கள். முதல்தடவையே விருந்தன்றைக்கு வைக்கவேண்டாம்.

குழித்துறை அம்மை | டிசம்பர் 27

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தது கசந்துவிட்டது. இரண்டாவது தடவை, 24 காலையில், மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவள் பாட்டி வைக்கிற தீயலைச் சின்ன வயதில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளாம். நான் இன்னும் கொஞ்சம் வறுக்கட்டுமா என்று கேட்டபோது, "இப்ப போதும் அத்தை, மல்லியைப் போடுங்க" என்றாள். சரியாக அந்த இடம்தான்.

இஷ்டு ராத்திரியே தீர்ந்தது. கோழிக்கறி சாப்பிடுகிறவர்களும் முதல் ஆப்பத்தை அதில் முக்கித்தான் சாப்பிட்டார்கள். மத்தியானம் சின்ன உருளியை மேசை நடுவில் வைத்தேன், மாட்டுக்கறியை ஒரு ஓரமாக. என் இளைய மகன் மூன்றுதடவை தீயல் போட்டுக்கொண்டான். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, ஆனால் ராத்திரி மீதிச்சோற்றில் உருளியை வழித்துப் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். கூட்டுக்கறி கொஞ்சம் மிஞ்சியது, நான் சேனையைப் பெரிதாக நறுக்கிவிட்டேன்.

பப்படம் புது எண்ணெயில், எல்லாவற்றுக்கும் முதலில். அவள் நாலு எடுத்தாள்.

குலசேகரம் தம்பி, மாசியில் இரண்டு பேரும் மறுபடி வருகிறார்கள். இடிச்சக்கை இரண்டு எனக்கு வேண்டும். அவளே கேட்டிருக்கிறாள்.