மலாயாவில் அபினை ஒழித்தது சீனச் சங்கங்களா, வெள்ளைக்காரன் கணக்கா?

செம்பனை:
1906 வாக்கில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீன டாக்டர்கள் அபின் எதிர்ப்புச் சங்கம் வைத்ததைப் பெரிய வெற்றி என்கிறார்கள். நடந்தது என்ன? அபின் விற்கும் உரிமையைத் தனியாருக்குக் குத்தகை விட்டது போய், 1910-இல் பிரிட்டிஷ் அரசாங்கமே சண்டு (புகைக்கிற அபின்) காய்ச்சி விற்க ஆரம்பித்தது. கடை அப்படியே இருந்தது, முதலாளிதான் மாறினான். முழுத் தடை வந்தது 1946-இல்.

கிந்தா_ராஜா:
தாமதத்துக்குச் சங்கமா பொறுப்பு? நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபின் காசு. அதில் கை வைக்கச் சொன்னவர்கள் இவர்கள். பினாங்குச் சங்கத்து டாக்டர் வூ லியன் தே சுமார் 2,000 பேரைக் கூட்டி மாநாடு போட்டார். 1907-இல் அவர் மருந்தகத்தில் சோதனை. ஒரு அவுன்ஸ் அபின் டிங்சர் (சாராயத்தில் கரைத்த அபின் மருந்து) இருந்ததாம்! வழக்கு, அபராதம், மேல்முறையீடும் தள்ளுபடி. ஒன்றும் சாதிக்காத ஆளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

செம்பனை:
ராஜா அண்ணே, குத்தகை எடுத்ததும் சீனத் தவுக்கேதானே, அதாவது சீன முதலாளி? ஈயச் சுரங்கத்தில் கூலிக்காரனுக்குச் சண்டுவைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்ததும் அவர்தான். வூ படித்தது கேம்பிரிட்ஜ், சிங்கப்பூர்ச் சங்கத்து டாக்டர் லிம் பூன் கெங் படித்தது எடின்பரோ. மேல்தட்டுக்காரர்களுக்குள் நடந்த சண்டையை ஒரு சமூகத்தின் எழுச்சி என்று எப்படிச் சொல்வது?

கிந்தா_ராஜா:
சரி, 1930-களில் சிங்கப்பூரில் டாக்டர் சென் சு லான் நடத்திய அபின் சிகிச்சை நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்களே, அவர்கள் எல்லாம் மேல்தட்டா?

பழைய_துறைமுகம்:
இரண்டு பேரும் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையே விட்டுவிட்டீர்கள். இந்தியாவில் காசி, பாட்னா பக்கம் பிரிட்டிஷ் அரசாங்க உரிமத்தில் கசகசாச் செடி விளைந்தது. கல்கத்தாவில் அரசாங்கமே ஏலம் விட்டது. சீனாவுக்குப் போகும் அபினைப் படிப்படியாகக் குறைக்க 1907-இல் ஒப்பந்தம் ஆனபோதும் மலாயாவுக்கு வருவது நிற்கவில்லை. அப்புறம், சண்டு கட்டுப்படியாகாத ரிக்‌ஷாக்காரர்கள் அபினிலிருந்து எடுக்கிற மார்பின் ஊசிக்குப் போன கதையும் உண்டு. அது எந்தப் பக்கமும் பெருமைப்படுகிற விஷயமில்லை.

செம்பனை:
நான் சொல்வதும் அதைத்தான். இனி அபின் விற்பனை கிடையாது என்று லண்டன் அறிவித்தது 1943 நவம்பரில். அப்போது மலாயா ஜப்பான்காரன் கையில். இழக்க ஒரு காசு வருமானம் இல்லை, பக்கத்தில் அமெரிக்காக்காரன் நெருக்கடி வேறு.

கிந்தா_ராஜா:
போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கடையைத் திறந்திருக்கலாமே? கஜானா காலியாகத்தான் கிடந்தது. அபின் வருமானம் அசிங்கம் என்று ஆக்கி வைத்திருந்தது யார், தம்பி?