இறுக்கினால் கோணுது, நேராக்கினால் ஒழுகுது: டெஃப்லான் டேப் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சிங்கப்பூர் யீஷூன்ல பழைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. அடுப்படிச் சுவர்க் குழாயை நானே மாத்தினேன், அரை அங்குலம்தான். மெயின் வால்வை மூடிட்டு, மரையில ஒட்டியிருந்த பழைய டெஃப்லான் டேப்பை (தண்ணி ஒழுகாம இருக்க மரையில சுத்துற மெல்லிய டேப்) சுரண்டி எடுத்துட்டு, மரை நுனி என்னைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு, புது டேப்பைக் கடிகாரச் சுற்றுல 6 சுத்து சுத்தினேன். (முதல் தடவை எதிர்ப்பக்கமா சுத்தி, திருகத் திருக டேப் சுருண்டு வெளிய வந்துச்சு. அம்மா இன்னும் சிரிக்கிறாங்க.)

இப்போ பிரச்சினை வேற. நல்லா இறுகுற இடத்துல குழாய் வாய் பக்கவாட்டைப் பார்க்குது. கீழே பார்க்கட்டும்னு கால் சுத்து பின்னால திருப்பினா சுவரோரம் சொட்டுது. பின்னால திருப்பினா டேப் பிடிப்பு விட்டுடும், அது புரியுது. அப்போ கழட்டி, புது டேப் 10, 12 சுத்து போட்டா கொஞ்சம் முன்னாடியே இறுகுமா? இல்ல, இன்னும் முக்கால் சுத்து முன்னால முறுக்கிடலாமா? சுவருக்குள்ள இருக்கிற பழைய இணைப்பு விரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

கழிவறை ஸ்ப்ரே ஹோஸ்ல ரப்பர் வாஷர் இருக்கு, அங்க டேப் போடல. சரிதானே?

பிளம்பரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கணும். இப்போதைக்கு அடியில வாளி.