புது ஹார்டு டிஸ்க்கில் 11,240 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது, என்ன செய்வது?

கேள்வி: வட்டுக்காரன்
4 டிபி ஹார்டு டிஸ்க், ஆன்லைனில் 'புதிது' என்று போட்டிருந்தது. ஆன்டி ஸ்டேட்டிக் கவர் ஒட்டியபடியேதான் வந்தது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ் (ஓடிய நேரம்) 11,240. விற்றவர் 'ஃபேக்டரி டெஸ்டிங்கில் ஓடின நேரம்' என்கிறார். அப்படியும் வருமா? டேட்டா இன்னும் ஏற்றவில்லை.

பதில்: சர்வர்மணி
வராது. 11,240 மணி நேரம் என்றால் இரவும் பகலும் 468 நாள். புது டிஸ்க்கில் 0 இருக்கும், மிஞ்சினால் சில மணி நேரம். கீழே உள்ள ரா வேல்யூ பட்டியலில் 09 என்ற வரியில் 2பிஇ8 என்றிருக்கும், அது ஹெக்ஸ் முறையில் (16-ஐ அடிப்படையாகக் கொண்டு) எழுதிய இதே எண்தான். அதைப் பார்த்து வேறு கணக்கு என்று விற்றவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே பட்டியலில் 05, சி5 வரிகளையும் பாருங்கள். அங்கே 0 தவிர வேறு எண் இருந்தால் பழசு மட்டுமில்லை, செக்டர் (டேட்டா பதியும் சிறு பகுதி) கெட்டுப்போக ஆரம்பித்த டிஸ்க்.

கவரை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஹீட் சீலர் இருந்தால் யாரும் ஒட்டலாம். டார்ச் அடித்து, கேபிள் செருகும் சாட்டா கனெக்டரின் தங்கநிறப் பட்டைகளைப் பாருங்கள். கேபிள் ஏறி இறங்கியிருந்தால் நீளவாக்கில் மெல்லிய கோடு தெரியும். பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில்: ஃபார்ம்பார்
உங்கள் டிஸ்க்கில் நேரத்தை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அழித்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது. ஜெர்மனியில் 2025 ஜனவரியில் வெளியான விவகாரம் அப்படிப்பட்டதுதான்: புதிது என்று விற்கப்பட்ட சீகேட் கம்பெனி டிஸ்க்குகளில் ஸ்மார்ட் கணக்கு (நீங்கள் பார்த்த அந்தப் பட்டியல்) சுத்தமாக இருந்தது, உள்ளே தனியாகப் பதியும் ஃபார்ம் லாக்கில் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை இருந்தது. நடுவில் கைமாறிய இடத்தில் நடந்த மோசடி.

அதனால் சீகேட் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதைவிடப் புதிய பதிப்பில் ஃபார்ம் லாக்கை எடுத்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள். யுஎஸ்பி பெட்டி வழியாகப் பல நேரம் லாக் வராது, மதர்போர்டில் நேராகச் செருக வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் சீரியல் நம்பரை அவர்கள் வாரன்டி பக்கத்தில் போடுங்கள். வாரன்டி எப்போதோ தொடங்கிவிட்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

பதில்: நுகர்வோர்_மன்று
டேட்டா ஏற்றாதது நல்லதாகப் போயிற்று, இனியும் ஏற்ற வேண்டாம். ஏற்றிவிட்டால் திருப்பிக் கொடுக்கும்முன் முழுதும் எழுதி அழிக்கணும், 4 டிபிக்கு 7 மணி நேரம் போல ஆகும்.

லேபிள் சீரியல், திரையில் தெரியும் சீரியல், பில், மூன்றும் ஒரே வீடியோவில் வரட்டும். பிறகு போனில் வாதாடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பழைய பொருளைப் புதிது என்று காட்டுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பிரிவு எண்ணையே குறிப்பிட்டுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மழுப்பினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

'மாற்றித் தருகிறோம்' என்றால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே குவியலிலிருந்துதான் அடுத்ததும் வரும், பணமாகவே கேளுங்கள்.

வட்டுக்காரன்
பார்த்தேன். கனெக்டரில் இரண்டு கோடு இருக்கிறது, 05-இல் 8. வீடியோ எடுத்துவிட்டேன், இன்றே மெயில் போடுகிறேன்.