கியூமுலோநிம்பஸுக்கு ஒரு பேர் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறேன். வடகிழக்குப் பருவமழை பிடிக்கறதுக்குள்ள வகுப்புச் சுவத்துல மேகப் படம் ஒண்ணு மாட்டணும், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குக் குடுத்தாகணும். பாடப்புத்தகத்துல கீற்று, திரள், படைன்னு பேர் இருக்கு. கீற்றுல சிக்கலே இல்ல, தென்னங்கீத்து பாத்த பிள்ளைங்க டக்குனு புடிச்சிக்குது. 'படை மேகம்'னதும் சண்டைக்கு வர்ற மேகமா டீச்சர்னு ஒருத்தன் கேக்கறான், இன்னொருத்தன் கையில இருக்கற படையக் காட்டறான். கியூமுலோநிம்பஸுக்குக் 'கார்திரள் மேகம்'. அது ஒரு பிள்ளை வாய்லயும் நிக்கல. இடி மின்னலோட வர்றது அதுதான், கடலுக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க மொதல்ல அடையாளம் தெரிஞ்சுக்க வேண்டியதும் அதத்தான். இந்த ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

———

அம்மா, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையணும்? 'எழிலி' இருக்கே! குறள்ல வான்சிறப்பு அதிகாரத்துலயே வருது. எழு-ங்கிற வேர்லேந்து வந்த சொல், மேல எழுறது எழிலி. கியூமுலோநிம்பஸோட குணமே அதுதானே, அடி ஒரு கிலோமீட்டர் உயரத்துல இருக்கும், உச்சி நம்ம பக்கம் 15 கிலோமீட்டரக் கூடத் தாண்டும், சூடான ஈரக்காத்து எழுந்துக்கிட்டே போறதாலதான் அது அப்படி நிக்குது. கொண்மூ, கொண்டல் ரெண்டுலயும் 'கொள்' இருக்கு, தண்ணியக் கொண்டது. மழைங்கற சொல்லே சங்கப்பாட்டுல மேகத்தக் குறிக்கும். இவ்வளவு சொத்து இருக்கும்போது 'மேகம்' எதுக்கு? அது வடசொல், முகில்னு எழுதுங்க.

———

ஐயா, எழில்னா அழகு, எழிலி அதுலேந்து வந்ததுன்னும் சொல்லலாமே, எழுதான் வேர்னு எப்படி முடிவு கட்டறீங்க? அது இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு எழிலின்னா பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கற பொண்ணு. கொண்டலும் வேணாம். எங்க அப்பா கடலுக்குப் போனவரு, கொண்டல்னா எங்க வீட்ல கெழக்குக் காத்துதான், அதுக்கு வேற அர்த்தம் குடுத்தா படகுல கொழப்பம் வரும். மேகம் எல்லார் வாயிலயும் இருக்கு, அத எடுக்கறது நியாயமே இல்ல.

———

எங்கட பக்கம் முகில் எண்டுதான் சாதாரணமாவே கதைக்கிறது, அது பண்டிதர் சொல் இல்ல. படைக்கும் அடுக்கு எண்ட பொருள் எங்களுக்குப் பழக்கம், ஓசோன் படை எண்டுதான் படிச்சனாங்கள். பிள்ளையளுக்கு ஒருக்கா விளங்கப்படுத்தினாப் போதும், நல்ல சொல்ல எறியாதேங்கோ.

———

கார்திரளா கார்த்திரளா? அத மொதல்ல முடிவு பண்ணுங்க. கார்ப்பருவம்னு வல்லினம் மிகுது, கார்காலத்துல மிகல. ய, ர, ழ முன்னால அல்வழியில இயல்பாவும் வரலாம் மிகவும் செய்யலாம்னு நன்னூல் ரெண்டுக்கும் எடம் குடுக்குது, ஆனா ஒரே படத்துல ரெண்டும் வரக்கூடாது. என் காதுக்குக் கார்த்திரள்தான்.

———

சந்திய அப்பறம் பாக்கலாங்க. 1802-ல லூக் ஹோவர்ட் மேகத்துக்குப் பேர் வச்சப்ப சிர்ரஸ், கியூமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ்னு நாலு லத்தீன் சொல்லத்தான் எடுத்துக்கிட்டாரு. மயிர்ச்சுருள், குவியல், விரிப்பு, மழைமேகம், அவ்வளவுதான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், அதனாலதான் இன்னிக்கும் நிக்குது. நமக்கும் ஒட்டற சொல்தான் வேணும். எழிலி எதோட ஒட்டும்? ஸ்ட்ராட்டஸுக்கு, அதான் உங்க படை மேகத்துக்கு, 'மூட்டம்' வைங்க. மேகமூட்டம்னு தினம் வானிலைச் செய்தியில கேக்கறோம். கீற்றுமூட்டம், இடைமூட்டம், கார்மூட்டம், எல்லாம் அழகா வருது பாருங்க. மந்தாரமும் நல்ல சொல்தான், ஆனா ஒட்டாது.

———

பனிமூட்டத்தோட கொழம்பாதா?

———

கொழம்பட்டும்னுதான் சொல்றேன். ஸ்ட்ராட்டஸ் எறங்கித் தரையத் தொட்டா அதுதான் மூடுபனி, மலையில நிக்கறவனுக்குப் பனி, அடிவாரத்துல நிக்கறவனுக்கு மேகம். சொல்லு அந்த உறவக் காட்டினா நல்லதுதானே.

———

மூட்டம் எனக்கும் சரி. கியூமுலோநிம்பஸுக்கு 'இடிமேகம்'. முடிஞ்சுது.

———

இடிக்காத கியூமுலோநிம்பஸும் உண்டு. அப்ப அதுக்கு என்ன பேரு? வடிவத்த வச்சுப் பேர் வைக்கணும், சத்தத்த வச்சு இல்ல. முத்துனதும் உச்சி பட்டடை மாதிரி தட்டையா விரியுமே, 'பட்டடை முகில்'னு சொல்லலாம்.

———

பட்டடைய எந்தப் பிள்ளை பாத்திருக்கு? கொல்லுப்பட்டறையே ஊர்ல இல்லாமப் போச்சு.

———

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில ஃபைல் அனுப்பணும், அதனால இப்படிப் பண்ணிட்டேன். பரீட்சையில புத்தகத்துப் பேரத்தான் எழுதணும்ங்கறதால படை மேகம், கார்திரள் மேகம் ரெண்டும் பெருசா இருக்கு, கீழ சின்னதா மூட்டம், இடிமேகம். இன்னிக்கு வகுப்புல சொல்லிப் பாத்தேன், இடிமேகத்தக் கேட்டதும் பின்பெஞ்சு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. அது எனக்குப் போதும்.

———

பெரும்பான்மைக்குக் கட்டுப்படறேன் அம்மா, படம் நல்லா வரட்டும். ஆனா எழிலிய விட்டத என்னால ஏத்துக்க முடியல. படத்துல ஓரமா எங்கயாவது எடம் இருந்தா அந்த ஒரு சொல்ல மட்டும் எழுதி வைங்க, பேரா இல்லாட்டியும் பரவாயில்ல.

———

கார்த்திரள். த் போடுங்க, ஃபைல் இன்னும் போகலன்னா.